வெள்ளமோ வறட்சியோ ஊரை விட்டுக் கிளப்பினால்: சட்டப் பாதுகாப்பைத் தேட ஒரு வழிகாட்டி

செய்திகளில் 'காலநிலை அகதி' என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. அதை நம்பிப் புகலிட விண்ணப்பத்தில் அந்த ஒரு காரணத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் தள்ளுபடிதான் ஆகும். எந்த உலகளாவிய உடன்படிக்கையிலும் அப்படி ஒரு பிரிவு கிடையாது. அதற்காகச் சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்று கைவிட்டுவிடவும் வேண்டாம். பேரிடர் சட்டம், மனித உரிமைச் சட்டம், அகதிச் சட்டம், குடிவரவு விதிகள் என்று பாதுகாப்பு நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. ஒருவருடைய நிலைமைக்கு எது பொருந்தும் என்று தேடி எடுப்பதுதான் வேலை. இடம்பெயர்ந்தவர்கள், அவர்களுக்கு மனு எழுதித் தருகிற தன்னார்வலர்கள், இந்தத் துறைக்குப் புதிதாக வந்த சட்ட மாணவர்கள் ஆகியோருக்கு, அந்தத் தேடலை எந்த வரிசையில் செய்யலாம் என்று இங்கே சொல்கிறேன்.

முதல் கேள்வி: நாட்டு எல்லையைத் தாண்டினாரா?

மற்ற எதைக் கேட்பதற்கும் முன்னால் இதைக் கேளுங்கள். பதிலைப் பொறுத்துப் பாதை இரண்டாகப் பிரிகிறது. சொந்த நாட்டுக்குள்ளேயே இடம் மாறியவர் எத்தனை கஷ்டப்பட்டாலும் 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கைக்குள் வரமாட்டார். அந்த உடன்படிக்கை நாட்டுக்கு வெளியே இருப்பவருக்கு மட்டும்தான். ஆனால் பேரிடரில் கிளம்புகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் சொந்த நாட்டை விட்டுப் போவதே இல்லை. ஜெனீவாவில் இயங்கும் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையத்தின் கணக்கில், 2024-ல் மட்டும் பேரிடர்களால் நடந்த உள்நாட்டு இடப்பெயர்வுகள் 4 கோடியே 58 லட்சம். (இது ஆள் கணக்கு அல்ல, நகர்வுக் கணக்கு. ஒரே குடும்பம் ஒரே வருடத்தில் இரண்டு தடவை கிளம்பினால் இரண்டு தடவையும் சேரும். இந்த எண்ணை மனுவில் எடுத்துக்காட்டும்போது கவனம்.)

கூடவே இன்னொரு கேள்வி: வந்தது திடீர் ஆபத்தா, மெல்ல வந்ததா? புயலில் வீடு போனவருக்கு ஒரு தேதி இருக்கிறது, அரசு அறிவிப்பு இருக்கிறது, சேதப் பட்டியல் இருக்கிறது. கிணற்று நீர் ஆண்டுக்காண்டு உப்பாகி, பயிர் பொய்த்து, கடைசியில் கிளம்பியவரைக் காகிதத்தில் 'பிழைப்புத் தேடிப் போனவர்' என்று எழுதிவிடுவார்கள். இந்த இரண்டாம் வகைக்குத்தான் வேலை அதிகம். அதனால் சான்று திரட்டுவதை அவர்கள் சீக்கிரம் தொடங்க வேண்டும்.

நாட்டுக்குள்ளேயே இருந்தால்

கையில் எடுக்க வேண்டிய முதல் ஆவணம், ஐ.நா. 1998-ல் முன்வைத்த உள்நாட்டு இடப்பெயர்வு குறித்த வழிகாட்டும் கொள்கைகள். மொத்தம் 30 கொள்கைகள், ஒரே உட்காரலில் படித்துவிடலாம். போர், வன்முறை மட்டுமல்லாமல், இயற்கையாலோ மனிதராலோ நேர்ந்த பேரிடரால் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தவரையும் இது உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்றே கொள்கிறது. இது உடன்படிக்கை இல்லை, எந்த அரசையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஏற்கெனவே நாடுகள் ஒப்புக்கொண்ட மனித உரிமைக் கடமைகளைத் தொகுத்துத் தருவதால், நீதிமன்றத்திலும் அதிகாரிகளிடமும் மதிப்பு உண்டு.

ஆப்பிரிக்காவில் நிலைமை ஒருபடி மேல். 2009-ல் ஏற்கப்பட்டு 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பாலா உடன்படிக்கை, ஏற்றுச் சேர்ந்த நாடுகளைச் சட்டப்படியே கட்டுப்படுத்துகிறது. காலநிலை மாற்றம் உட்பட இயற்கையாலோ மனிதராலோ வந்த பேரிடரில் இடம்பெயர்ந்தோருக்கு உதவ வேண்டும் என்று அதன் 5-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. சில நாடுகளில் உள்நாட்டிலேயே தனி ஏற்பாடு உண்டு: கென்யாவில் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், வனுவாட்டுவில் 2018-ஆம் ஆண்டுக் கொள்கை.

தனிச் சட்டமே இல்லாத நாடு என்றால்? பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தின் அடிப்படை உரிமைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கொலம்பியா இதற்கு நல்ல உதாரணம். அங்கே இடம்பெயர்ந்தோருக்கான சட்டம் ஆயுத மோதலை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆற்று வெள்ளத்தில் வீட்டையும் விளைநிலத்தையும் இழந்த ஒரு விவசாயத் தம்பதியின் வழக்கில், சுற்றுச்சூழல் காரணங்களாலும் கட்டாய இடப்பெயர்வு நேரலாம், அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2024-ல் சொன்னது. நாடாளுமன்றம் இன்னும் எழுதாததை நீதிமன்றம் ஓரளவு நிரப்ப முடியும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

சரி, அலுவலகத்தில் போய் எதைக் கேட்பது? பெயர்ப் பதிவைத்தான் முதலில் கேளுங்கள். முகாமில் தங்காமல் உறவினர் வீட்டில் ஒதுங்கியவர்கள் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பிறகு இழப்பீட்டுப் பட்டியல் வரும்போது அவர்கள் பெயர் இருக்காது. முகாமுக்குப் போகாததால் இடம்பெயர்ந்தவர் என்ற நிலை போய்விடாது. அடுத்து அடையாள ஆவணங்கள். தொலைந்துபோனவற்றுக்கு மாற்று வழங்க வேண்டும், அதற்காகச் சொந்த ஊருக்கே திரும்பிப் போய் வாங்கிவா என்பது போன்ற நியாயமற்ற நிபந்தனை போடக் கூடாது என்கிறது மேலே சொன்ன ஐ.நா. வழிகாட்டும் கொள்கைகளில் 20-ஆவது. பெண்களுக்கு அவரவர் பெயரிலேயே ஆவணம் பெறும் உரிமையும் அதில் இருக்கிறது. இதைத் தவறவிடாதீர்கள். வீட்டு அட்டை கணவர் பெயரில் மட்டும் இருந்து, அவர் இறந்தோ பிரிந்தோ போனால், நிவாரணத் தொகை அந்தப் பெண்ணிடம் வந்து சேராது.

உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு யாரையும் வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 15-ஆம் கொள்கை. 'வெள்ளம் வடிந்துவிட்டது, நாளைக்கு முகாம் மூடல்' என்று அறிவிப்பு வரும்போது இதுதான் கைகொடுக்கும். வடிந்த வீட்டில் குடிநீர் உண்டா, சுவர் நிற்குமா, மீண்டும் மண் சரியுமா என்ற கேள்விகளை எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள்.

பேரிடருக்குப் பிறகு 'இங்கே இனி வீடு கட்டக் கூடாது' என்று ஒரு கோடு போடுவார்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கை கடற்கரையில் 100 மீட்டர், வடக்கு, கிழக்கில் 200 மீட்டர் என்று கோடு போட்டுப் பிறகு அதைத் தளர்த்தியது. 2013-ல் ஹையான் புயலுக்குப் பின் பிலிப்பைன்ஸில் 40 மீட்டர் பேச்சு எழுந்தது. இப்படிப்பட்ட கோடு எப்போதும் தவறு என்று சொல்லமாட்டேன். பாதுகாப்புக்காக மக்களை வெளியேற்றுவதைக் கொள்கைகளும் அனுமதிக்கின்றன. ஆனால் கேட்டாக வேண்டியவை உண்டு. எந்த ஆய்வின் அடிப்படையில் இந்தத் தூரம்? மாற்றிடம் எங்கே, எப்போது? வீட்டுக்குப் பொருந்தும் தடை ஓட்டலுக்கும் பொருந்துமா? மீனவரின் படகு எங்கே நிற்கும்? இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் அது பாதுகாப்பு நடவடிக்கையா, நிலம் பறிப்பா என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

காகிதம் சேர்ப்பது

உண்மையில் வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான். சட்டம் பேசுவதைவிட இதில் நேரம் செலவழிப்பது லாபம்.

நிலப் பத்திரம் நனைந்திருந்தால் உடனே வெயிலில் போட்டு உரிக்கப் பார்க்காதீர்கள், ஒட்டிய தாள்கள் கிழியும். முதலில் இருக்கிற கோலத்திலேயே இருபுறமும் படம் எடுங்கள். அப்புறம் நிழலில், தட்டையாக வைத்து உலர விடுங்கள். முத்திரை, பதிவு எண், தேதி மட்டும் தெரிந்தால்கூடப் பதிவு அலுவலகத்தில் நகல் தேட அது போதும்.

பத்திரமே இல்லாதவர்கள், வாடகைக்கு இருந்தவர்கள், பல தலைமுறையாகக் கூட்டு நிலத்தில் வாழ்ந்தவர்கள் வாழ்ந்ததற்கான அடையாளங்களை வேறு விதத்தில் காட்டலாம். வரி ரசீது, மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அந்த முகவரிக்கு வந்த கடிதம், வீட்டு முன் எடுத்த கல்யாணப் போட்டோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரின் கையெழுத்திட்ட வாக்குமூலம் என்று எது கிடைத்தாலும் சேருங்கள். பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் பார்க்கும் வசதி இணையத்தில் இருக்கிறது. அதில் வீட்டுக் கூரை தெரிகிற படமும் பிறகு தெரியாமல் போன படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அதற்குமேல் விளக்கம் அதிகம் தேவைப்படாது.

மெல்ல வந்த பாதிப்புக்கு ஒரு நாட்குறிப்பு வைக்கச் சொல்வேன். கிணற்று நீர் எந்த மாதம் குடிக்க முடியாமல் போனது, யாருக்கு என்ன நோய் வந்தது, எந்த மருத்துவர் பார்த்தார், யாரிடம் புகார் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது. இதில் கடைசி இரண்டும்தான் மிக முக்கியம். மழை பெய்ததற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. எச்சரிக்கை கொடுத்தும் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்குப் பொறுப்பாக்க முடியும்.

எல்லை தாண்டியிருந்தால்: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

அகதிகள் உடன்படிக்கை கேட்பது, இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒரு காரணத்துக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம். கடல் யாரையும் மதம் பார்த்துத் துன்புறுத்துவதில்லை. ஆகவே கடலை மட்டும் சொன்னால் எடுபடாது. ஆனால் நிவாரணம் கொடுப்பவர் மதம் பார்க்கலாம், அரசு ஒரு பகுதிக்கு வேண்டுமென்றே உதவி மறுக்கலாம், அணையையோ சுரங்கத்தையோ எதிர்த்தவரைச் சிறையில் தள்ளலாம். அப்போது கதவு திறக்கிறது. 2008-ல் நர்கிஸ் புயல் மியான்மரைத் தாக்கியபோது நிவாரணப் பணியே அரசியல் சந்தேகத்துக்கு உள்ளானது. அந்தச் சூழலில் உதவி விநியோகித்த ஒருவரை நியூசிலாந்து அகதியாக ஏற்றது. ஐ.நா. அகதிகள் முகமை 2020 அக்டோபரில் வெளியிட்ட சட்டக் குறிப்பும் இதையே சொல்கிறது: காலநிலைப் பாதிப்பை வெறும் வானிலையாகப் பார்க்காமல், அது அரசியலோடும் சமூகத்தோடும் எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பை விண்ணப்பத்தோடு இணைத்தே கொடுங்கள்.

ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் அகதிக்கு இன்னும் விரிந்த வரையறை உண்டு. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் 1969 உடன்படிக்கையும் 1984-ன் கார்த்தஹேனா பிரகடனமும் 'பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைக்கும்' நிலைமைகளையும் சேர்த்துக்கொள்கின்றன. 2011-ல் சோமாலியாவில் வறட்சியும் பஞ்சமும் சண்டையும் ஒன்றாகத் தாக்கியபோது கென்யாவும் எத்தியோப்பியாவும் வந்தவர்களை அகதிகளாக ஏற்றன. அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் இந்த வரையறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கதவு, திருப்பியனுப்பாமைக் கொள்கை. அகதி என்று ஏற்காவிட்டாலும், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து, அல்லது மனிதத்தன்மையற்ற நிலைக்கு ஆளாவார் என்றால் அனுப்பக் கூடாது. இதற்கு அடிப்படை குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 6, 7-ஆம் பிரிவுகள். இதில் எல்லோரும் படிக்க வேண்டியது டெய்ட்டியோட்டா வழக்கு. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தாராவா தீவிலிருந்து 2007-ல் நியூசிலாந்து போனவர் அவர். கடல் அரிப்பு, நிலத்தடி நீரில் உப்பு, நெரிசல், நிலத்துக்காக அடிதடி என்று காரணம் சொன்னார். நியூசிலாந்து நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2015-ல் திருப்பி அனுப்பினார்கள். ஐ.நா. மனித உரிமைகள் குழு 2020 ஜனவரியில் வெளியிட்ட முடிவிலும் அவர் தோற்றார். ஆனால் அதே முடிவில், காலநிலை மாற்றத்தின் விளைவுகள் ஒருவரை உயிராபத்துக்கோ கொடூர நடத்தைக்கோ ஆளாக்குமானால், திருப்பியனுப்பாத கடமை அரசுக்கு வரலாம் என்று குழு ஒப்புக்கொண்டது.

ஏன் தோற்றார் என்பதுதான் நமக்குப் பாடம். ஆபத்து அவருக்குத் தனிப்பட்ட முறையில் எப்படி வரும் என்று காட்டவில்லை என்றார்கள். நீர் பங்கீட்டு முறையில் கிடைக்கிறது, விவசாயம் கடினம்தான், முடியாதது அல்ல என்றார்கள். தீவு வாழத் தகுதியற்றதாக 10 முதல் 15 ஆண்டுகள் ஆகலாம், அதற்குள் அரசும் உலகமும் நடவடிக்கை எடுக்கக்கூடும் என்றார்கள். மாற்றுக் கருத்து எழுதிய உறுப்பினர் ஒருவர், நீரில் மூழ்குபவரை, உள்ளே வேறு பயணிகளும் இருக்கிறார்களே என்று சொல்லி மூழ்கும் கப்பலுக்கே திருப்பித் தள்ளுவது போன்றது இது என்றார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் விண்ணப்பம் எழுதும்போது பெரும்பான்மை கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்.

இந்தக் கடமைக்கு இப்போது இன்னும் பெரிய ஆதாரம் உண்டு. 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தில், திருப்பி அனுப்பினால் உயிர் வாழும் உரிமைக்கு ஈடுசெய்ய முடியாத பாதிப்பு நேரும் உண்மையான ஆபத்து இருந்தால், அரசுகளுக்குத் திருப்பியனுப்பாத கடமை உண்டு என்று சொன்னது. ஆலோசனைக் கருத்து தீர்ப்பைப் போல் கட்டுப்படுத்தாது. ஆனால் உள்நாட்டு நீதிபதி அதை எளிதில் ஒதுக்கிவிடவும் முடியாது.

நான்காவது, காலநிலையை அறவே பேசாத கதவுகள். 2014-ல் இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலுவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் அகதிக் கோரிக்கையை நியூசிலாந்து தீர்ப்பாயம் நிராகரித்தது. அதே குடும்பத்துக்கு மனிதாபிமான அடிப்படையில் தங்கும் அனுமதியும் கொடுத்தது. முக்கியக் காரணம் நியூசிலாந்தில் வேரூன்றிய சொந்தபந்தமும் குழந்தைகளின் நலனும். குடும்ப இணைப்பு, மருத்துவக் காரணம், வேலை விசா என்று வேறு வழி இருந்தால், கொள்கைக்காக அதை விட்டுவிட்டு 'காலநிலை' வழக்கையே நடத்தச் சொல்லாதீர்கள். ஒரு குடும்பத்தை முன்மாதிரி வழக்காக்குவது வழக்கறிஞருக்குப் பெருமையாக இருக்கலாம். தோற்றால் விமானம் ஏறப்போவது அவர் அல்ல.

சில நாடுகள் தற்காலிகப் பாதுகாப்பும் தருகின்றன. மிட்ச் சூறாவளிக்குப் பின் ஹோண்டுராஸ், நிகராகுவா மக்களுக்கும், 2010 நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டி மக்களுக்கும் அமெரிக்கா அப்படிக் கொடுத்தது. இதில் இரண்டு சிக்கல். அறிவிக்கும் நாளில் ஏற்கெனவே அந்த நாட்டில் இருப்பவருக்கு மட்டும்தான் பொருந்தும், கொடுத்த அரசே நிறுத்தவும் முடியும். பதிவுக்கான கெடு தேதியைத் தவறவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. நிலையான வழி என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் கையெழுத்திட்டு 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஃபலேபிலி ஒப்பந்தம்தான் இப்போதைக்குக் கண்ணில் படுகிறது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் குலுக்கல் முறையில் ஆஸ்திரேலியாவில் வாழவும் வேலை செய்யவும் படிக்கவும் போகலாம். வீடு இடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாக்குமூலத்தை எழுதும்போது

ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதிப் பார்க்கிறேன். இரண்டும் கற்பனைதான்.

முதலாவது: 'காலநிலை மாற்றத்தால் எங்கள் ஊரில் வாழ முடியவில்லை. எல்லோரும் கஷ்டப்படுகிறார்கள்.'

இரண்டாவது: 'எங்கள் தெருக் கிணறு மூன்று வருடமாக உப்பு. அரசு தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வரும், எங்கள் சமூகத்தார் இருக்கும் தெருவுக்கு வராது. இரண்டு தடவை எழுதிக் கொடுத்தோம், ரசீது இணைத்திருக்கிறேன். என் மகளுக்குச் சிறுநீரகக் கோளாறு. கெட்ட நீர் கூடாது என்று மருத்துவர் எழுதிய சீட்டும் இருக்கிறது.'

முதலாவதைப் படிக்கும் அதிகாரி, இது எல்லோருக்கும் உள்ள கஷ்டம் என்று மூடி வைத்துவிடுவார். இரண்டாவதில் யாருக்கு, என்ன ஆபத்து, யார் செய்யத் தவறியது, ஏன் இந்தக் குடும்பத்துக்கு மட்டும் கூடுதல் பாதிப்பு என்ற நாலும் வந்துவிட்டன. பாகுபாடு சேர்ந்ததால் அகதிக் கோரிக்கைக்கும் வழி இருக்கிறது. குழந்தை, முதியவர், மாற்றுத்திறனாளி, கர்ப்பிணி இருந்தால் அவரவர் ஆபத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். சொந்த நாட்டிலேயே வேறு ஊருக்குப் போயிருக்கலாமே என்ற கேள்வி கட்டாயம் வரும், அதற்கான பதிலையும் முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். இல்லாததைச் சேர்க்காதீர்கள். நேர்காணலில் ஒரு தேதி முரண்பட்டாலும் மொத்தத்தையும் நம்பமாட்டார்கள்.

ஊரோடு இடம் மாற்றுகிறார்கள் என்றால்

ஃபிஜியின் வுனிடோகோலோவா கிராமம் 2014-ல் கடற்கரையிலிருந்து உள்ளே நகர்ந்தது. புதிய இடமும் அந்த மக்களுடைய வழிவழி நிலமாகவே இருந்தது பெரிய அனுகூலம். எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமையாது. அமெரிக்காவின் லூசியானாவில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்த ஐல் டி ஜான் சார்ல்ஸ் தீவு மக்களுக்கு 2016-ல் சுமார் 4.8 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் தாங்கள் போட்ட திட்டத்தை மாநில அரசு கைப்பற்றிக்கொண்டு தங்களை ஓரங்கட்டிவிட்டதாக அந்தப் பழங்குடி மக்கள் குறைப்பட்டார்கள். ஆகவே கையெழுத்துப் போடும் முன் புதிய இடத்தின் உரிமை யார் பெயரில், பழைய நிலம் யாருக்குப் போகிறது, பிழைப்பு எப்படி, இடுகாடும் வழிபாட்டிடமும் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசினார்களா என்பதையும் பதிவு செய்யுங்கள்.

அரசு மீதே வழக்கு என்றால்

ரஷ்யாவின் திர்னியாவுஸ் நகரில் 2000 ஜூலையில் சேற்றுச் சரிவு வந்தது. சேற்றைத் தடுக்கும் அணை பழுதாகிவிட்டது, கண்காணிப்பு நிலையம் வேண்டும் என்று நிபுணர்கள் முன்பே எழுதியிருந்தார்கள், யாரும் அசையவில்லை. புடயேவா வழக்கு என்று அறியப்படும் இதில், உயிர் வாழும் உரிமையை ரஷ்யா மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் இழந்த வீட்டுக்கான சொத்துக் கோரிக்கை தோற்றது. இயற்கைச் சேதத்தில் எவ்வளவு இழப்பு அரசின் அலட்சியத்தால் வந்தது என்று பிரிப்பது கடினம் என்பதே காரணம். உயிருக்கான வாதத்தையும் சொத்துக்கான வாதத்தையும் தனித்தனியாக நிறுவ வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வதேச அமைப்புக்குப் போகும் முன் உள்நாட்டு மேல்முறையீடுகளை முடித்திருக்க வேண்டும். ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு இறுதித் தீர்ப்பிலிருந்து நான்கு மாதம்தான் அவகாசம். ஐ.நா. மனித உரிமைகள் குழுவுக்கு எழுத, தனிநபர் முறையீட்டுக்கு இடம் தரும் முதல் விருப்ப நெறிமுறையை அந்த நாடு ஏற்றிருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் தாமதித்தால் காரணம் கேட்பார்கள். நாடு கடத்தும் தேதி நெருங்கிவிட்டால், முறையீட்டின் முதல் பக்கத்திலேயே இடைக்கால நடவடிக்கை கோருங்கள், அதாவது முடிவு வரும்வரை அனுப்பாமல் நிறுத்தி வைக்கச் சொல்வது. விமான எண், புறப்படும் நாள், நாடுகடத்தல் உத்தரவின் நகல் மூன்றையும் அதோடு இணைத்து அனுப்புங்கள்.